பொன் விளைந்த ஊரும் கள்ளாமை விரதமும்



கோலார் தங்க வயலில் 1880-இல் ஜான் டெய்லர் குழுமத்தார் சுரங்கப் பணியை மேற்கொண்டனர். வடஆர்க்காடு, சேலம் பகுதிகளினின்று தமிழ்த் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் குடியேறினர். அரிசி, துணி விற்கவும் அடகு பிடிக்கவும் வணிகரும் பின்தொடர்ந்தனர்.

அத்தகைய ஊரில் வணிகனுக்குற்ற சோதனை யாது? சுரங்கத்தினின்று களவாடப்பட்ட பொன், குறைந்த விலைக்கு அவன் வாயிலுக்கே வரும். "நாம் திருடவில்லையே, விலை கொடுத்தன்றோ வாங்குகிறோம்" என மனம் சமாதானம் கூறும்.

உமாஸ்வாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தில் இவ்வழியை அடைத்துள்ளார். களவைத் தூண்டுதல், களவுப் பொருளைக் கொள்ளுதல், அரச நெறி மீறுதல், அளவை கூட்டிக் குறைத்தல், போலியைக் கலத்தல் ஆகிய ஐந்தும் மூன்றாம் அணுவிரதத்தின் அதிசாரங்களாம். எனவே திருடியவன் மட்டுமல்லன், அறிந்து வாங்கியவனும் விரதத்தில் வழுவியவனே.

நகைக்கடையிலும் நெல் மண்டியிலும் அமர்ந்திருக்கும் நம்மவர்க்கும் இது பொருந்தும். பற்றுச்சீட்டின்றி ஒரு பொருள் மலிவாக வருமாயின், அம்மலிவின் காரணத்தை முதலில் வினவுவோம். விடை தெளிவாகாவிடில் மறுப்போம். இலாபம் குறையலாம், விரதம் குறையாது.

கோலார்ச் சுரங்கம் 2001-இல் மூடப்பட்டது. பொன் எடுப்பது நின்றது, பொன்னின் பொருட்டுக் கட்டிய வினையோ உயிரைத் தொடரும்.

அறம் வளர்க!