மலை ஏறிய ஆங்கில வீடு

போடிநாயக்கனூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 350 மீட்டர் உயரத்தில் உள்ளது. குரங்கணிக்கு மேலே தெரியும் டாப் ஸ்டேஷனின் உயரம் ஏறத்தாழ 1,700 மீட்டர். ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். கணக்குப் போட்டுப் பாருங்கள். வித்தியாசம் ஏறக்குறைய 9 டிகிரி வருகிறது அல்லவா? ஆங்கிலேயத் துரைமார் மலைக்குப் போனது தேயிலைக்காக. ஆனால் அங்கே தங்கள் நாட்டுப் பண்ணை மாளிகையின் சாயலில் வீடு கட்டத் துணிந்ததற்கு இந்த 9 டிகிரியே காரணம்.

இங்கிலாந்தின் பண்ணை மாளிகை என்பது நம் ஜமீன் அரண்மனையைப் போன்றது. சுற்றிலும் நிலம், நடுவே நிலக்கிழாரின் வீடு, குடியானவர்கள் கட்டும் குத்தகைப் பணமே அதன் அஸ்திவாரம். டெர்பிஷயரில் 1590களில் கட்டப்பட்ட ஹார்ட்விக் மாளிகையில் சுவரைவிடக் கண்ணாடியே அதிகம் என்பார்கள். கண்ணாடி அன்று விலை உயர்ந்த பொருள். ஆகவே அது செல்வத்தின் விளம்பரம். அத்துடன் வேறொரு தேவையும் இருந்தது. டிசம்பர் மாத நண்பகலில் லண்டனில் சூரியன் அடிவானத்துக்கு மேல் 15 டிகிரி மட்டுமே எழும். போடியில் அதே வேளையில் 56 டிகிரிக்கு மேல் எழுகிறது. அங்கே வெயிலை வீட்டுக்குள் வருந்தி அழைக்க வேண்டும். அரசாங்கமோ 1696 முதல் 1851 வரை ஜன்னல்களுக்கு வரி போட்டது! வரிக்குப் பயந்து பலர் ஜன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்தார்கள்.

இந்த வீடு நம் மலைக்கு வந்ததும் மாறியது. பெரிய ஜன்னல்கள் நிலைத்தன. ஆனால் முன்புறம் தாழ்வாரம் சேர்ந்தது. பெயரும் மாறி, வங்காளத்துக் குடிசை வீட்டின் பெயரால் பங்களா ஆயிற்று. மூணாறுப் பக்கம் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும். எனவே கூரை நல்ல சரிவாக இருக்க வேண்டும். ஓட்டைச் சுமந்து ஏற்றுவது கடினம், உடையவும் கூடும். இதற்கு விடையாக வந்தது நெளிதகரம். 1829இல் லண்டனில் ஹென்றி பால்மர் என்ற பொறியாளர் இதற்குக் காப்புரிமை பெற்றார். ஒரு தாளை இரண்டு புத்தகங்களுக்கு நடுவே பாலம்போல் வைத்து, அதன் மேல் ஒரு நாணயத்தை வையுங்கள், தாள் தொய்ந்துவிடும். அதே தாளை விசிறிபோல் மடித்து வைத்தால் பல நாணயங்களைத் தாங்கும். நெளிதகரத்தின் ரகசியம் இதுதான்.

இதே பால்மர் 1821இல் ஒற்றைத் தண்டவாள ரயிலுக்கும் காப்புரிமை வாங்கியவர். குண்டளைப் பள்ளத்தாக்கில் 1902இல் போடப்பட்டதும் ஒற்றைத் தண்டவாளமே. வேறொருவர் அமைத்த முறை அது. வண்டியை இழுத்தவை காளைகள். 1908இல் அது சிறு ரயில் பாதையாயிற்று. 1924ஆம் ஆண்டு வெள்ளம் அதை அடித்துச் சென்றது. அதுவரை தேயிலைப் பெட்டிகள் டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தில் கோட்டகுடிக்கு இறங்கி, போடிக்கு வந்துகொண்டிருந்தன.

பங்களாவில் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது கணப்பும் அதன் புகைபோக்கியும். 27 டிகிரியில் உள்ள காற்றை 127 டிகிரிக்குச் சூடாக்கினால், அதே கன அளவுள்ள காற்றின் எடை முக்கால் பங்காகிவிடும். தனி வெப்பநிலை 300இலிருந்து 400 ஆவதே காரணம். புகைபோக்கிக்குள் இருக்கும் இந்த லேசான காற்றுத் தூணை வெளியே உள்ள கனமான காற்று மேலே தள்ளுகிறது. தூண் உயர உயரத் தள்ளும் விசையும் கூடும். ஆனால் திறந்த கணப்பு மகா ஊதாரி! வெப்பத்தின் பெரும்பகுதி புகையோடு போய்விடும். அறையில் சூடான காற்றும் கூடவே போகும். அதை ஈடு செய்யக் கதவிடுக்கு வழியே குளிர்காற்று நுழையும். முகம் சுடும், முதுகு நடுங்கும். ரம்ஃபோர்டு பிரபு 1796இல் வெளியிட்ட கட்டுரையில், கணப்பின் ஆழத்தைக் குறைத்துப் பக்கச் சுவர்களைச் சாய்வாக்கவும், புகைபோக்கியின் தொண்டையைக் குறுக்கவும் வழி சொன்னார். வெப்பம் அறைப்பக்கம் கூடுதலாக வீசியது.

அந்தக் கணப்புக்கு விறகு சுமந்தவர்கள் எங்கே குடியிருந்தார்கள்? மதுரை, திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து வந்த தொழிலாளர்களுக்கு லயம் என்ற வரிசை வீடுகள். சிறிய அறை, அங்கேயே அடுப்பு. புகைபோக்கி இல்லாத லயங்கள் பல. குளிருக்காகக் கதவைச் சாத்தினால் புகை கண்ணைக் கரிக்கும்; புகைக்காகத் திறந்தால் குளிர் எலும்பைத் தொடும். துரை வீட்டுக் குளிர்தானே இங்கும்? இதே தத்துவத்தில் சிறு செங்கல் புகைபோக்கி ஒன்று கட்டுவது பெரிய செலவல்ல.

கணப்பைவிடக் கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு ஒன்று நம் ஏலமலையிலேயே உண்டு. அது விறகால் இயங்கும் ஏலக்காய் ஸ்டோர். அடுப்பு அறைக்கு வெளியே இருக்கும். சூடான புகை உடனே மேலே போகாது. இரும்புக் குழாய் வழியாக அறையின் தரையையொட்டிச் சுற்றி, வெப்பத்தைக் கொடுத்துவிட்டே புகைபோக்கிக்குப் போகும். தட்டுகளில் பரப்பிய காய் சுமார் 45 முதல் 50 டிகிரி வெப்பத்தில் ஏறத்தாழ ஒரு நாளில் காய்ந்துவிடும். காயின் மேல் புகை படுவதில்லை. எனவே பச்சை நிறமும் மணமும் கெடுவதில்லை. ஈரக்காற்று வெளியேற அறையின் மேற்பகுதியில் திறப்புகள் வைப்பார்கள். ஏன் மேலே? நீராவியின் மூலக்கூறு எடை 18. காற்றின் சராசரி மூலக்கூறு எடை 29. ஆகவே ஒரே வெப்பநிலையில் ஈரக்காற்று உலர்ந்த காற்றைவிட லேசானது.