ஒற்றைச் சாட்சியை நம்பி எடுத்த படத்தை எப்படிப் பார்ப்பது?

முல்லைத்தீவு நாயாற்றிலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்பைப் பற்றி சனல் 4 தொலைக்காட்சி 2023 செப்டெம்பர் 5 அன்று ஒளிபரப்பிய ஆவணப்படத்தை வீட்டில் எல்லோருமாகப் பார்த்திருக்கிறார்கள். அதில் கதைக்கிற ஆசாத் மௌலானா சொல்வது முழுக்க உண்மை என்பது அப்பாவின் கட்சி. அரசியல்வாதி பிள்ளையானின் பேச்சாளராக இருந்த ஆளை எப்படி நம்புவது என்பது சித்தப்பாவின் கட்சி. சோறு ஆறும்வரை சண்டையாம். யார் சரி என்று தம்பி கேட்கிறார். கூடவே இன்னொரு கேள்வி: நாயாற்றுப் பிரச்சினைகளைப் பற்றிப் படம் எடுக்க வந்த ஒரு குழு அம்மாவையும் பேசச் சொல்லிக் கேட்கிறது, விடலாமா?

தம்பி, அப்பாவும் சித்தப்பாவும் ஒரே வேலையைத்தான் செய்கிறார்கள். இரண்டு பேரும் ஆளுக்குத் தீர்ப்பு எழுதுகிறார்கள். ஆளை முழுதாக ஏற்கவும் வேண்டாம், முழுதாகத் தள்ளவும் வேண்டாம். கரைவலை இழுத்து முடிந்ததும் மணலில் கொட்டித் தரம் பிரிப்பீர்களே, அந்த வேலையை அவருடைய வாக்குமூலத்தில் செய்யும்.

ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு படத்தை மறுபடி ஓட விடும். மௌலானா ஒரு விசயத்தைச் சொல்லும் ஒவ்வொரு தடவையும் நிறுத்தி, அது அவர் தானே கண்டதா, இன்னொருவர் சொல்லக் கேட்டதா, அல்லது அவருடைய ஊகமா என்று எழுதும். புத்தளம் பக்கத்தில் 2018இல் புலனாய்வு அதிகாரி சுரேஷ் சாலேக்கும், பிறகு குண்டுவெடிப்பை நடத்திய சஹ்ரானின் குழுவுக்கும் தானே சந்திப்பை ஒழுங்கு செய்ததாக அவர் சொல்கிறார். இது அவர் நேரடியாகச் சம்பந்தப்பட்ட விசயம். நாட்டில் பாதுகாப்பில்லாத நிலை வந்தால்தான் ராஜபக்சக்களுக்கு ஆட்சி கிடைக்கும் என்று சாலே தன்னிடம் சொன்னதாகவும் சொல்கிறார். அப்படி ஒரு பேச்சு காதில் விழுந்திருந்தால்கூட, மேலிடத்தில் உண்மையாகவே அப்படி ஒரு திட்டம் இருந்ததா என்பதற்கு அவர் சாட்சி ஆக முடியாது. படம் இந்த இரண்டையும் ஒரே குரலில், ஒரே இசையோடு தருவதால் பார்க்கிறவருக்கு இரண்டும் ஒன்றாகத் தெரிகிறது.

அடுத்தது, ஒவ்வொரு கூற்றும் உண்மையாக இருந்தால் எங்கே தடம் விட்டிருக்கும் என்று பாரும். அந்தக் காலத்தில் தான் மலேசியாவில் தூதரகப் பணியில் இருந்ததாக சாலே பதில் சொல்லியிருக்கிறார். அப்படியென்றால் கடவுச்சீட்டு, விமானப் பயணப் பதிவு, தூதரக வரவுப் பதிவு எல்லாம் இருக்க வேண்டும். மௌலானா சொன்ன சந்திப்புக்கும் வாகனம், தொலைபேசி அழைப்பு, இடத்துக்கு உரிமையாளர் என்று ஏதோ ஒன்று இருக்க வேண்டும். மட்டக்களப்புச் சிறையில் பிள்ளையானுக்கும் சஹ்ரானின் ஆட்களுக்கும் தொடர்பு உண்டானது என்கிறது படம். பிள்ளையான் 2015 ஒக்டோபரிலிருந்து 2020 நவம்பர் வரை விளக்கமறியலில் இருந்தது பதிவில் உள்ள விசயம். ஆகவே சந்திக்க வாய்ப்பு இருந்ததா என்பதைச் சிறைப் பதிவேடு சொல்லிவிடும். என்ன பேசினார்கள் என்பதை அது சொல்லாது. வாய்ப்பு இருந்தது என்று காட்டிவிட்டு, சதி நடந்தது என்று பார்வையாளரை முடிவெடுக்க விடுவது இப்படியான படங்களில் அடிக்கடி நடக்கிற வேலை. அந்த இடத்தில் கட்டாயம் படத்தை நிறுத்தும்.

பிறகு ஒரு சோதனை. இதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. மௌலானாவைப் படத்திலிருந்து முழுதாக எடுத்துவிட்டு, மிச்சம் என்ன நிற்கிறது என்று பாரும். நிறைய நிற்கிறது. 2019 ஏப்ரல் 21இல் மூன்று தேவாலயங்களிலும் கொழும்பு ஹோட்டல்களிலும் 260க்கும் அதிகமானோர் கொல்லப்பட்டார்கள். ஏப்ரல் 4ஆம் திகதியே இந்தியாவிலிருந்து எச்சரிக்கை வந்திருந்தது. அதைப் பொறுப்பில் இருந்தவர்கள் கவனிக்கவில்லை என்று 2023 ஜனவரி 12இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாயும், பொலிஸ்மா அதிபராக இருந்த பூஜித் ஜயசுந்தரவும் அரச புலனாய்வுச் சேவையின் தலைவராக இருந்த நிலந்த ஜயவர்தனவும் தலா 7.5 கோடியும், பாதுகாப்புச் செயலாளராக இருந்த ஹேமசிறி பெர்னாண்டோ 5 கோடியும் நட்டஈடு கட்ட வேண்டும் என்றது. மௌலானா வாயைத் திறக்கவே இல்லை என்று வைத்துக்கொண்டாலும் இவ்வளவும் அப்படியே இருக்கும். தெரிந்தும் தடுக்கவில்லை என்பது வரை நீதிமன்றம் போயிருக்கிறது. வேண்டுமென்றே நடக்கவிட்டார்கள் என்ற அடுத்த படி படத்தில் பெரும்பாலும் மௌலானாவின் தோளில் நிற்கிறது. கோட்டாபய ராஜபக்ச, சாலே, பிள்ளையான் மூவரும் அதை மறுத்தார்கள். அரசாங்கம் ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதியரசர் ஒருவரின் தலைமையில் குழு அமைத்தது. எங்கள் நாட்டில் குழுக்களுக்குக் குறைவில்லை.

சித்தப்பாவுக்கும் ஒரு சொல். மௌலானா நாட்டை விட்டுப் போய் சுவிற்சர்லாந்தில் அடைக்கலம் கேட்டவர் என்பதால் அவருக்குச் சொந்த நலன் உண்டு. கணக்கில் எடுக்கத்தான் வேண்டும். ஆனால் சொந்த நலன் இருப்பதால் ஒருவர் சொல்வது பொய்யாகிவிடாது. சதி பேசுகிற அறைக்குள் சுத்தமான கையோடு இருந்த ஆளைத் தேடினால் எங்கே கிடைப்பார்? உள்ளே இருந்தவர்தான் உள்ளே நடந்ததைச் சொல்ல முடியும். அதனால்தான் உள்ளாளின் பேச்சை வெளித்தடயத்தோடு பொருத்திப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இந்தச் சிக்கல் எங்களுக்கு மட்டும் வந்ததில்லை. எரல் மொரிஸ் என்ற அமெரிக்க இயக்குநர் 2010இல் ‘டாப்லொயிட்’ என்று ஒரு படம் எடுத்தார். 1977இல் இங்கிலாந்தில் ஒரு மதப் பரப்புரையாளரைக் கடத்தியதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட ஜொய்ஸ் மக்கினி என்ற பெண்ணின் கதை. படத்தின் பெரும்பகுதியில் அவர்தான் கதைக்கிறார், சிரிக்கச் சிரிக்கக் கதைக்கிறார். கடத்தப்பட்டதாகச் சொல்லப்பட்டவர் படத்தில் பேசவே இல்லை. கதை சொல்லத் தெரிந்தவர் திரையில் ஜெயித்துவிடுவார், வராதவரின் பக்கம் காலியாகக் கிடக்கும். பிறகு மக்கினியே அந்த இயக்குநர் மேல் வழக்குப் போட்டார். ஆகவே எந்தப் படத்திலும் யார் பேசவில்லை என்பதையும் கொப்பியில் எழுதும்.

அப்பா ஏன் இதை உடனே நம்புகிறார் என்பது எனக்கு விளங்குகிறது. அதே சனல் 4தான் 2009 ஓகஸ்டில், இராணுவச் சீருடையில் இருந்தவர்கள் கைதிகளைக் கண்ணைக் கட்டி நிர்வாணமாக இருத்திச் சுடுகிற காணொளியை வெளியிட்டது. 2011 ஜூனில் ‘இலங்கையின் கொலைக்களங்கள்’ வந்தது. வன்னியில் நடந்ததை உலகம் பார்த்ததே என்று எங்கள் சனத்துக்கு ஒரு நன்றி இருக்கிறது. எனக்கும் இருக்கிறது. ஆனால் அந்தக் காணொளி நின்றது சனலின் பெயரால் என்று நினைக்காதேயும். அரசாங்கம் போலி என்றது. ஐ.நா. விசேட அறிக்கையாளர் பிலிப் அல்ஸ்ரன் தடயவியல் மருத்துவர், காணொளி ஆய்வாளர், துப்பாக்கி நிபுணர் என்று மூன்று பேரிடம் தனித்தனியாகக் கொடுத்துப் பரிசோதித்து, 2010 ஜனவரியில் அது உண்மையாகத் தெரிகிறது என்று அறிவித்தார். விளக்கம் கிடைக்காத சில அம்சங்கள் அதில் உண்டு என்பதையும் அவர் ஒளிக்கவில்லை. எங்கள் பக்கத்து ஆதாரம் அப்படி உரசிப் பார்க்கப்பட்டு நின்றது. மௌலானாவின் பேச்சையும் அதே உரைகல்லில் வைக்கச் சொல்வதால் யாருக்கும் துரோகம் செய்தவர் ஆகமாட்டீர் என்று அப்பாவுக்குச் சொல்லும். வட்ஸ்அப்பில் சுற்றுகிற முப்பது செக்கன் துண்டுகளை மட்டும் அவர் அனுப்பாமல் பார்த்துக்கொள்ளும். மறுப்புகள் எல்லாம் வெட்டுப்பட்ட பகுதியில்தான் இருக்கும்.

இனி அம்மாவின் விசயம். பேசலாம். நாயாற்றில் சொல்லப்பட வேண்டியது நிறைய இருக்கிறது. 2018 ஓகஸ்டில் படகுகளும் வலைகளும் வாடிகளும் எரிந்தது, 2019 செப்டெம்பரில் நீதிமன்ற உத்தரவை மீறி நீராவியடிப் பிள்ளையார் கோயில் தீர்த்தக்கேணிக்குப் பக்கத்தில் ஒரு பௌத்த பிக்குவின் உடலை எரித்தது, இவற்றை நேரில் கண்டவர்கள் இன்னும் அங்கேயே இருக்கிறார்கள். ஆனால் பேசுவதற்கு முன் சில ஒழுங்குகள் வேண்டும்.

படம் எங்கே, எந்த மொழியில் வரப்போகிறது, எந்த நிறுவனம் பணம் போடுகிறது என்று ஓர் ஒப்பந்தக் கடிதத்தில் எழுதி வாங்கும். ‘பிறகு சொல்கிறோம்’ என்றால் நீங்களும் பிறகு பேசுங்கள். பேச்சுக்குக் காசு வாங்க வேண்டாம், பஸ் காசு தவிர. பின்னாளில் மற்றப் பக்கத்துச் சட்டத்தரணி முதலில் கேட்கப்போவது அதைத்தான். சம்பவம் வழக்கில் இருந்தால் உங்கள் சட்டத்தரணியைக் கேட்காமல் கமராவுக்கு முன் இருக்க வேண்டாம். இன்று கமராவுக்குச் சொன்னதற்கும் நாளை நீதிமன்றத்தில் சொல்வதற்கும் ஒரு திகதி மாறினாலே அதைப் பிடித்துக்கொள்வார்கள்.

முகத்தை மறைப்போம் என்று குழு சொல்லும். அது போதாது. குரல் தெரியும், வீட்டு மதில் தெரியும், பின்னால் நாயாற்றுப் பாலம் தெரிந்தால் செம்மலையில் இருக்கிற சின்னப்பிள்ளையும் ஆளைச் சொல்லிவிடும். மறைப்பதென்றால் வேறு இடத்தில், குரலையும் மாற்றி எடுக்கச் சொல்லும். பொலிஸ் முறைப்பாட்டுத் துண்டு, படங்கள், சங்கக் கடிதம் எதையும் மூலப் பிரதியாகக் கொடுக்க வேண்டாம், போட்டோப் பிரதி போதும். அவர்கள் எடுக்கும்போது உம்முடைய போனிலும் முழுப் பேச்சையும் பதிந்து வையும். வெட்டி ஒட்டினால் ஒப்பிட்டுக் காட்ட அது ஒன்றுதான் கையில் இருக்கும்.

அம்மாவுக்கு ஒரு பயிற்சியும் கொடும். நெருப்பை யார் வைத்தது என்று கேட்பார்கள். வைத்ததைக் காணாவிட்டால், காணவில்லை, எரிந்ததைத்தான் கண்டேன் என்று சொல்லட்டும். ‘தெரியாது’ என்ற பதிலைக் கேட்டுச் சில படக்காரர்கள் முகம் சுளித்து, அதே கேள்வியைத் திருப்பித் திருப்பிக் கேட்பார்கள். மூன்றாவது தடவையும் அவர் ‘தெரியாது’ என்றே சொல்லட்டும். மொழிபெயர்ப்பாளர் யார் என்று முன்கூட்டியே கேளும். படம் வெளிவருவதற்கு முன் அம்மா பேசிய பகுதியின் உபதலைப்புகளை, ஆங்கிலம் தெரிந்த உங்கள் ஆள் ஒருவர் அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்து வாசித்துக் காட்ட வேண்டும் என்பதையும் அந்த ஒப்பந்தக் கடிதத்தில் சேர்க்கச் சொல்லும்.