பத்து நாள் பட்டினி

கைத்தறி நெசவாளர் சங்கமொன்றின் கணக்குகளைப் பரிசீலிக்க நாம் சென்றிருந்த நாளில், தறிக்கூடத்தில் நெய்துகொண்டிருந்த மூத்த அங்கத்தினர் ஒருவர் திடீரென வியர்த்துக் கை நடுங்கிச் சாய்ந்துவிட்டார். நல்ல வேளையாக நினைவு தப்பவில்லை. ஆதலால் அருகிலிருந்தோர் சர்க்கரை கரைத்த நீரைப் புகட்ட முடிந்தது. கால் மணி நேரத்தில் தெளிந்தார். நினைவிழந்தவருக்கு வாயில் எதையும் ஊற்றலாகாது. மருத்துவமனைக்கே கொண்டுசெல்ல வேண்டும்.

விசாரித்ததில் விவரம் வெளிவந்தது. பத்து நாளில் ஐந்து கிலோ குறைக்கும் உணவுப் பட்டியல் ஒன்று உறவினர் கைப்பேசி வழியே அவருக்கு வந்திருக்கிறது. எட்டு நாட்களாகச் சோற்றை விலக்கி, வெள்ளரிச் சாறும் மோருமே உட்கொண்டிருக்கிறார். ஆயினும் நீரிழிவு மாத்திரையை வழக்கம்போல் விழுங்கி வந்திருக்கிறார். அம்மாத்திரைகளுள் சில, உணவு வந்தாலும் வராவிட்டாலும் இரத்தச் சர்க்கரையை இறக்கிக்கொண்டேயிருக்கும். "மூன்று கிலோ குறைந்துவிட்டதே, ஐயா!" என்று அந்நிலையிலும் அவர் பெருமையுடன் கூறினார்.

அந்த மூன்று கிலோவைச் சற்றுத் தணிக்கை செய்து பார்ப்போம். உண்ணும் மாவுச்சத்தில் ஒரு பகுதியை உடல், ஈரலிலும் தசையிலும் அவசரச் செலவுக்கென இருப்பு வைக்கிறது. இவ்விருப்பு ஏறக்குறைய அரைக் கிலோ. அதன் ஒவ்வொரு கிராமுடனும் சுமார் மூன்று கிராம் நீர் சேர்ந்து தங்கும். உணவைத் திடீரென நிறுத்தினால் முதலில் செலவாவது இந்த இருப்பே. நீரும் உடன் வெளியேறும். தராசு இறங்கக் கண்டு கொழுப்பு கரைந்ததென மகிழ்கிறோம். மறுபடி சோறு உண்ணத் தொடங்கிய சில நாட்களில் அவ்வளவும் வரவாகிவிடும். பட்டினி நீடித்தாலோ, கொழுப்புடன் தசையும் கரையத் தொடங்குகிறது. தறி மிதிப்பவருக்கும் மண்வெட்டி பிடிப்பவருக்கும் தசையன்றோ மூலதனம்!

1945-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்பவர், தாமாக முன்வந்த 36 இளைஞர்களுக்கு 24 வாரம் அரைப்பட்டினி உணவளித்து ஆராய்ந்தார். போரினால் பசித்திருந்த மக்களுக்கு எவ்வாறு உணவளிப்பது என்பதை அறியவே இச்சோதனை நடந்தது. அவர்கள் எடையில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு குறைந்தது. உடல் தன் செலவைச் சுருக்கிக்கொண்டது, நாடித்துடிப்பு தளர்ந்தது, எப்போதும் குளிர்ந்தது. பகலெல்லாம் உணவைப் பற்றியே பேச்சு. சிலர் சமையற் புத்தகங்களைச் சேகரித்து வாசித்தனர். கட்டுப்பாடு நீங்கியபின் வயிறு நிறைந்தும் பசி அடங்காமல் உண்டனர். பலருக்குக் கொழுப்பு முன்னிருந்த அளவையும் கடந்தது. ஆகவே, பட்டினிக்குப்பின் மீண்டும் பருத்தவரை மன உறுதியற்றவர் என்று நகைப்பது அநியாயம்.

கடும் உணவுக் குறைப்பு எக்காலத்தும் தீதென்று நாம் கூறவில்லை. பிரிட்டனில் நடந்து 2017-இல் வெளியான ஓர் ஆய்வில், நீரிழிவாளர்கள் சில மாதங்கள் நாளொன்றுக்கு 850 கலோரிக்குட்பட்ட உணவிலேயே இருந்தனர். ஓராண்டு முடிவில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு மாத்திரை இன்றியே நோய் அடங்கியிருந்தது. ஆனால் அங்கே மருத்துவ மேற்பார்வை இருந்தது. தொடங்கிய அன்றே நீரிழிவு மாத்திரைகள் நிறுத்தப்பட்டன. பின்னர் வழக்கமான உணவுக்குப் படிப்படியாகத் திரும்பப் பயிற்சியும் அளிக்கப்பட்டது. கைப்பேசிப் பட்டியலில் இம்மூன்றும் இல்லை.

நமக்கு அண்மையிலேயே வேறொரு சான்று உண்டு. நீரிழிவின் வாயிலில் நின்ற 531 பேரைக் கொண்டு சென்னையில் டாக்டர் ஏ. இராமச்சந்திரன் குழுவினர் நடத்திய ஆய்வு 2006-இல் வெளியாயிற்று. மூன்றாண்டில், வழக்கம்போல் வாழ்ந்தோரில் நூற்றுக்கு 55 பேருக்கு நோய் வந்தது. சர்க்கரை, எண்ணெய், தீட்டிய தானியம் ஆகியவற்றைக் குறைத்து நடைப்பயிற்சி செய்தோரில் 39 பேருக்கே வந்தது. இவர்கள் எடையோ குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை! தராசையே நம்பியிருந்தால் பாதியில் கைவிட்டிருப்பார்கள்.

நம் அங்கத்தினரிடம் சோற்றை விடச் சொல்லவில்லை. நாளைக்கு நான்கு தேநீர், ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி சர்க்கரை என்றார். கரண்டிக்கு நான்கு கிராமென வைத்தாலும் மாதத்திற்கு ஏறக்குறைய ஒரு கிலோ. தொகையைக் கேட்டதும் திகைத்தார். முதல் மாதம் அதில் பாதி. அது நாக்குக்குப் பழகியபின் இரவுச் சோற்றில் ஒரு பங்கைக் குறைத்து அவ்விடத்தில் கீரையும் சுண்டலும். ஒன்று நிலைத்தபின்பே அடுத்தது. கேழ்வரகுக்கு மாறிவிட்டால் போதுமா என்று வினவினார். நல்ல தானியந்தான், எனினும் அதுவும் மாவுச்சத்தே, களியை அளவின்றி உண்டால் சர்க்கரை ஏறவே செய்யும். வீட்டில் உலை வைப்பவர் அவர் மனைவியாதலால், அவரையும் அருகிருத்தியே இவற்றைப் பேசினோம். மாத்திரையின் அளவை மருத்துவரிடமே கேட்கச் சொன்னோம், மறுநாளே சென்றார்கள்.

இரண்டு மாதங் கழித்து அச்சங்கத்திற்கு மீண்டும் சென்றபோது நமக்கும் அவர் வீட்டிலிருந்தே தேநீர் வந்தது. சர்க்கரை பாதிதான். முதல் வாய் நமக்கு ருசிக்கவில்லை. அவரோ ரசித்துக் குடித்துக்கொண்டிருந்தார்.