போதைப் பழக்கத்துக்கு மருந்துச் சிகிச்சை: ரொறன்ரோவில் எங்கே, எப்படிப் பெறலாம்?



சிலருக்கு இந்தப் பழக்கம் ஊரில் 'குடு' என்று சொல்லும் ஹெரோயினில் தொடங்கியிருக்கும். வேறு சிலருக்குக் காயத்துக்கோ முதுகு நோவுக்கோ தந்த வலி நிவாரணிக் குளிசையில் தொடங்கியிருக்கும். இங்கே வந்த பிறகு, "வைத்தியரிடம் சொன்னால் என் அகதிக் கோரிக்கை கெட்டுப் போகும்" என்ற பயத்தில் பலர் வாய் திறப்பதில்லை. தாங்களே அறைக்குள் கிடந்து நிறுத்தப் பார்க்கிறார்கள். இதுதான் மிகவும் ஆபத்தான வழி. ஏன் என்று பார்ப்போம்.

1. ஏன் திடீரென்று நிறுத்தக் கூடாது?

நிறுத்தியதும் நடுக்கம், வாந்தி, வயிற்றோட்டம், உடம்பு முறிப்பு, நித்திரையின்மை எல்லாம் வரும். சில நாட்கள் தாங்கினாலும், அதற்குள் உடம்பின் தாங்கும் சக்தி குறைந்துவிடும். பிறகு மனம் தளர்ந்து பழைய அளவை எடுத்தால் மூச்சு நின்றுவிடலாம். ரொறன்ரோவில் தெருவில் விற்கும் தூளிலும் குளிசையிலும் பென்ரனைல் என்ற மிகக் கடுமையான மருந்து கலந்திருப்பதால் ஆபத்து இன்னும் கூட. கர்ப்பிணிப் பெண்கள் கட்டாயம் தாங்களாக நிறுத்தக் கூடாது.

2. சிகிச்சை என்றால் என்ன?

முக்கியமாக இரண்டு மருந்துகள் உண்டு. இரண்டையும் உலக சுகாதார நிறுவனம் 2005 இல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது.

மெதடோன்: குடிக்கும் மருந்து. தொடக்கத்தில் ஒவ்வொரு நாளும் மருந்துக்கடைக்குப் போய், மருந்தாளர் முன்னால் குடிக்க வேண்டும். நிலைமை சீரானதும் வீட்டுக்குக் கொண்டுபோகத் தருவார்கள்.

சபொக்சோன்: நாக்கின் கீழ் வைத்துக் கரைக்கும் மருந்து. வழமையாக, உடம்பு முறிப்புத் தொடங்கிய பிறகே முதல் அளவைத் தருவார்கள். முந்தி எடுத்தால் அந்த வருத்தம் திடீரென்று கூடும். ஆகவே கடைசியாக எதை, எப்போது எடுத்தீர்கள் என்று வைத்தியருக்கு உண்மையைச் சொல்லுங்கோ.

"ஒரு போதையை விட்டு இன்னொன்றா?" என்று உறவினர் கேட்கலாம். இல்லை. சரியான அளவில் எடுத்தால் இவை போதை ஏற்றாது. வருத்தத்தையும் ஆசையையும் அடக்கும். சீனி வியாதிக்காரர் இன்சுலின் எடுப்பதுபோல, மாதக்கணக்காக, பலர் வருடக்கணக்காக எடுப்பார்கள்.

3. யார் பணம் கட்டுவது?

அகதிக் கோரிக்கை தீரும்வரை ஓஹிப் அட்டை கிடைக்காது. ஆனால் ஐ.எவ்.எச்.பி. என்ற மத்திய அரசின் இடைக்காலச் சுகாதாரத் திட்டம் உங்களுக்கு உண்டு. 'பிரவுண் பேப்பர்' என்று சனம் சொல்லும் அகதிக் கோரிக்கையாளர் பத்திரமோ, கோரிக்கை கிடைத்ததை உறுதிப்படுத்தும் கடிதமோ அதற்குச் சான்று. வைத்தியரும் மருந்துக்கடையும் அந்தத் திட்டத்தில் பதிந்திருக்க வேண்டும். மருந்துக்கு நோயாளியும் ஒரு பங்கு கட்டும் முறையை அரசு 2025 வரவு செலவுத் திட்டத்தில் அறிவித்தது. ஆகவே உங்கள் பங்கு எவ்வளவு என்று முதலிலேயே கேளுங்கோ.

4. எங்கே போவது?

• கொனெக்ஸ் ஒன்ராறியோ, 1-866-531-2600. இலவசம், 24 மணி நேரமும் எடுக்கலாம். உங்கள் இடத்துக்குக் கிட்டவுள்ள கிளினிக்கைச் சொல்வார்கள். 211 இலும் கேட்கலாம்.

• 'ராம்' எனப்படும் விரைவுச் சிகிச்சைக் கிளினிக்குகள். குடும்ப வைத்தியரின் கடிதம் தேவையில்லை. கிரென்வில் வீதியிலுள்ள விமன்ஸ் கொலிஜ் வைத்தியசாலையில் ஒன்று உண்டு. திறக்கும் நாளைத் தொலைபேசியில் கேட்டுவிட்டுப் போங்கோ.

• நிலைமை மோசமென்றால் 1051 குயின் வீதி மேற்கிலுள்ள 'காம்' வைத்தியசாலையின் அவசரப் பிரிவு இரவு பகல் திறந்திருக்கும்.

தொலைபேசியில் சொல்ல இரண்டு வசனங்கள்:
"ஐ நீட் எ தமிழ் இன்ரப்பிறிற்றர், பிளீஸ்."
"டூ யூ அக்செப்ற் ஐ.எவ்.எச்.பி.?"

பிள்ளைகளை மொழிபெயர்க்கக் கூட்டிக்கொண்டு போகாதேங்கோ.

5. கோரிக்கைக்குப் பாதிப்பு வருமா?

சிகிச்சை எடுப்பது குற்றமில்லை. ஒன்ராறியோவின் 2004 ஆம் ஆண்டுத் தனிநபர் சுகாதாரத் தகவல் பாதுகாப்புச் சட்டம் உங்கள் மருத்துவத் தகவலைக் காக்கிறது. பிள்ளைக்கு ஆபத்து, நீதிமன்றக் கட்டளை போன்ற சில விதிவிலக்குகள் மட்டும் உண்டு. அகதியாக ஏற்கப்பட்டவரை, அவரது மருத்துவச் செலவு அதிகம் என்ற காரணத்துக்காக நிரந்தர வதிவிடத்துக்கு மறுக்க முடியாது. கோரிக்கையைப் பாதிக்கக்கூடியது குற்றத் தீர்ப்பு. பொலிஸ் வழக்கு ஏதும் இருந்தால் உடனே உங்கள் சட்டத்தரணியிடம் சொல்லுங்கோ.

6. மறக்கக் கூடாதவை

• சாராயம், நித்திரைக் குளிசை சேர்த்து எடுக்காதேங்கோ.
• வீட்டுக்குக் கொண்டுவரும் மருந்தைப் பூட்டி வையுங்கோ. ஒருவரின் மெதடோன் ஒரு குழந்தையைக் கொன்றுவிடும்.
• சில நாட்கள் மருந்து தவறினால், வைத்தியரைக் கேளாமல் பழைய அளவை எடுக்காதேங்கோ.
• தங்குமிடம் மாறும்போதும், விசாரணை நாளுக்கும், மருந்தை எங்கே எப்போது எடுப்பது என்று கிளினிக்குடன் முன்கூட்டியே பேசுங்கோ.
• நலொக்சோன் பெட்டி பல மருந்துக்கடைகளில் இலவசம். ஓஹிப் அட்டை வேண்டாம். அறைத் தோழருக்கும் அதைப் பாவிக்கப் பழக்குங்கோ.

ஒருவர் எழுப்பியும் எழும்பாமல், மூச்சு மெதுவாகி, உதடு நீலமானால் உடனே 911. "தமிழ்" என்று சொன்னால் மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள். நலொக்சோன் கொடுத்து, உதவி வரும்வரை கூடவே இருங்கோ. 2017 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, அழைத்தவர் மீதும் அங்கிருந்தவர் மீதும் சொந்தப் பாவனைக்கு மருந்து வைத்திருந்ததாக வழக்குப் போட முடியாது.

உங்களுக்கோ, உங்கள் தம்பிக்கோ, பக்கத்துக் கட்டிலில் படுப்பவருக்கோ இது தேவையென்றால், இன்றைக்கே ஒரு தொலைபேசி அழைப்பு எடுங்கோ. தனியாக எடுக்கப் பயமென்றால் எங்கள் அலுவலகத்துக்கு வாருங்கோ. பக்கத்தில் இருந்து எடுத்துத் தருவோம்.