முகவரி

தில்லி பெரிய நகரம். பிழைப்புத் தேடி நாலா பக்கமிருந்தும் மக்கள் அங்கே வருகிறார்கள். எல்லோருக்கும் வீடு கிடைப்பதில்லை. பலர் பாலத்தின் கீழே படுக்கிறார்கள். நடைபாதையில் சமைக்கிறார்கள். 2011 மக்கள் தொகைக் கணக்கெடுப்பின்படி, நாடு முழுவதும் 17 லட்சத்துக்கும் அதிகமானோருக்கு வீடு இல்லை.

அப்படி ஒரு குடும்பத்தை நினைத்துக்கொள்வோம். தாய், தகப்பன், எட்டு வயது மகள். தகப்பன் மூட்டை தூக்குகிறார். கூலி வருகிறது. ஆனால் வாடகைக்கு அறை கேட்டால், "அடையாள அட்டை இருக்கிறதா?" என்கிறார்கள். அட்டை கேட்டால், "முகவரி என்ன?" என்கிறார்கள். வீடு இல்லாமல் அட்டை இல்லை. அட்டை இல்லாமல் வீடு இல்லை. இந்த முடிச்சை எப்படி அவிழ்ப்பது?

முதல் படி: தங்கும் இடம்

பெரிய நகரங்களில் ஒரு லட்சம் பேருக்கு ஒரு காப்பகம் வேண்டும் என்று 2010-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. தில்லியில் இரவுக் காப்பகங்கள் உள்ளன. அங்கே தங்கக் கட்டணம் இல்லை. குடும்பத்தோடு தங்கவும் காப்பகம் உண்டு.

இரண்டாம் படி: அட்டை

அங்கீகாரம் பெற்ற காப்பகத்தின் பொறுப்பாளர் தரும் சான்றிதழைக் காட்டி ஆதாருக்குப் பதியலாம்.

வாக்காளர் பட்டியலிலும் பெயர் சேர்க்கலாம். படிவம் 6-இல் தாம் படுக்கும் இடத்தை எழுத வேண்டும். வாக்குச்சாவடி அலுவலர் இரவில் வந்து பார்ப்பார். ஒரு நாள் மட்டும் அல்ல, மறுபடியும் வருவார். அங்கேதான் படுக்கிறார்கள் என்று தெரிந்தால் போதும். முகவரிச் சான்று வேண்டாம். முடிச்சு இங்கே அவிழ்கிறது.

மூன்றாம் படி: சேமிப்பு

இடுப்பில் முடிந்த பணம் இரவில் களவு போகலாம். வங்கியில் 'சிறு கணக்கு' உண்டு. அட்டை கைக்கு வரும் முன்பே அதைத் தொடங்கலாம். புகைப்படம் வேண்டும். அதிகாரி முன்னால் கையெழுத்துப் போட வேண்டும். அதில் 50,000 ரூபாய் வரை வைத்திருக்கலாம். அறைக்கு முன்பணம் இப்படித்தான் சேரும்.

நான்காம் படி: மகளின் பள்ளி

வீடு கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டாம். வயதுச் சான்று இல்லை என்று பள்ளியில் சேர்க்க மறுக்கக் கூடாது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் அப்படிச் சொல்கிறது.

ஐந்தாம் படி: வாடகை அறை

வேலைக்குப் பக்கத்தில் அறை பாருங்கள். தொலைவில் வாடகை குறைவாக இருக்கலாம். ஆனால் பேருந்துக் கட்டணம் கூலியைத் தின்றுவிடும். ஒப்பந்தத்தில் வாடகை எவ்வளவு, முன்பணம் எவ்வளவு, மின்கட்டணம் யார் கட்டுவது என்று படியுங்கள். படித்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். பணம் கொடுத்தால் ரசீது வாங்குங்கள். படிக்கத் தெரிந்தவரை ஏமாற்றுவது கடினம்.

இது ஒரே மாதத்தில் முடியாது. இடையில் வேலை போகலாம், நோய் வரலாம். ஆனாலும் பெயர் எழுதிய அட்டையும் வங்கிப் புத்தகமும் கையில் இருந்தால், மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை.

கலந்து பேசுவோம்

1. அட்டை இல்லாததால் உங்களுக்குத் தெரிந்த யாருக்கு எது கிடைக்காமல் போனது?
2. உங்கள் ஊரில் வீடில்லாதவர்கள் எங்கே தங்குகிறார்கள்?
3. அவர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுக்க உங்களால் முடியுமா?