நுண் பிளாஸ்மாவைக் கணக்கிட எந்த முறை?

பிளாஸ்மா டிவியின் திரை முழுவதும் நியானும் செனானும் அடைத்த சிற்றறைகள். அவற்றில் மின்முனைகளுக்கு நடுவே இருந்த இடைவெளி 100 மைக்ரோமீட்டர் அளவுதான். அந்த டிவிகள் சந்தையை விட்டுப் போய்விட்டன. ஆனால் புண் ஆற்றும் கருவி, புற ஊதா விளக்கு, ஓசோன் தயாரிப்பு என்று நுண் மின்னிறக்க ஆய்வு தொடர்கிறது. இவ்வளவு குறுகிய இடுக்கில் அளவிடும் முனையை நுழைத்தால் பிளாஸ்மாவே குலைந்துவிடும். கணினியைத்தான் பெரிதும் நம்ப வேண்டியிருக்கிறது. மென்பொருளைத் தேடுமுன் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: எலக்ட்ரானின் ஆற்றலை, அது இப்போது இருக்கும் இடத்து மின்புலம் மட்டுமே தீர்மானிக்கிறதா?

ஆம் என்றால் பாய்ம முறை போதும். எலக்ட்ரான்களைத் தனித்தனியாகப் பார்க்காமல் அவற்றின் அடர்த்திக்கும் பாய்வுக்கும் சமன்பாடு எழுதி, பாய்சான் சமன்பாட்டோடு சேர்த்துத் தீர்ப்பது இது. மோதல் வீதங்களைக் கணக்கிட, ஹாகெலாரும் பிட்ச்ஃபோர்டும் 2005இல் விவரித்த போல்சிக் பிளஸ் நிரல் இலவசமாகவே கிடைக்கிறது. இரு பரிமாணக் கணக்கைக்கூட நல்ல மடிக்கணினியில் ஓட்டிவிடலாம்.

சிக்கல் எதிர்மின்முனை அருகே தொடங்குகிறது. அங்கே ஒரு மெல்லிய அடுக்கிலேயே 200 வோல்ட் அளவுக்கு மின்னழுத்தம் சரிகிறது. அயனி வந்து மோதியதால் உலோகத்திலிருந்து கிளம்பும் எலக்ட்ரான் அந்த அடுக்கில் வேகமெடுத்து, மின்புலம் ஏறக்குறைய இல்லாத ஒளிர்பகுதிக்குள் பாய்கிறது. சேர்த்துக்கொண்டு வந்த ஆற்றலால் அங்கே அணுக்களை அயனியாக்கிக்கொண்டே போகிறது. அந்த இடத்து மின்புலத்தை மட்டும் பார்க்கும் மாதிரியோ, அங்கே அயனியாக்கமே இல்லை என்று சொல்லிவிடும். ஆகவே பாய்ம முறையை எடுப்பவர்கள் எலக்ட்ரானின் சராசரி ஆற்றலுக்கும் தனிச் சமன்பாடு வைத்தே ஆக வேண்டும். அதுவும் பாதித் தீர்வுதான். வேகமானவை சிலவும் மெதுவானவை பலவுமாகக் கலந்த கூட்டத்தை ஒரே சராசரி எப்படிக் காட்டும்?

வாயுவையும் பாருங்கள். நைட்ரஜனில் மூலக்கூறின் அதிர்வுகள் எலக்ட்ரானின் ஆற்றலைச் சீக்கிரமே விழுங்கிவிடும். ஆர்கானில் 11.5 எலக்ட்ரான்வோல்ட்டுக்குக் கீழே நடப்பது பெரும்பாலும் மீள்மோதல். அதில் இழப்பு அற்பம். இடைவெளியும் அழுத்தமும் மாறாவிட்டாலும், வாயு மாறினால் முறையும் மாறலாம்.

துகள் முறை எதையும் சராசரியாக்குவதில்லை. பல எலக்ட்ரான்களுக்குப் பிரதிநிதியாக ஒரு துகளை வைத்து அதன் பாதையைத் தொடரும். மோதல்களை மான்டே கார்லோ முறையில் தீர்மானிக்கும். பேர்ட்சாலும் லாங்டனும் 1985இல் வெளியிட்ட நூல் இன்றும் இதற்குப் பாடநூல். ஆற்றல் பரவல் இங்கே தானாக வெளிவருகிறது. ஆனால் செலவு கடுமை. கன மீட்டருக்கு 10²⁰ எலக்ட்ரான், வெப்பநிலை 1 எலக்ட்ரான்வோல்ட் என்றால் டிபை நீளம் 0.74 மைக்ரோமீட்டர், கட்டம் அதைவிடச் சிறிதாக இருக்க வேண்டும். காலப்படி 0.35 பிக்கோநொடியைத் தாண்டக்கூடாது. 13.56 மெகாஹெர்ட்ஸ் மாறுமின்னழுத்தத்தில் இயக்கினால் ஒரே சுழற்சிக்கு இரண்டு லட்சம் படிகள்! வளிமண்டல அழுத்தத்தில் மோதல்கள் அடிக்கடி நிகழ்வதால் படி இன்னும் சிறுக்கும். இரைச்சலைப் பத்தில் ஒன்றாக்கத் துகள்களை 100 மடங்காக்க வேண்டும். ஒரு பரிமாணத்தில் தாங்கும். முப்பரிமாணத்துக்கு மீக்கணினி வேண்டும்.

நேர் மின்னோட்டத்தில் இயங்கும் குழிவு எதிர்மின்முனை அமைப்புக்கு நான் பரிந்துரைப்பது கலப்பு முறை. எதிர்மின்முனையிலிருந்து வரும் விரைவு எலக்ட்ரான்களை மட்டும் மான்டே கார்லோவில் தொடர்ந்து, மற்றவற்றைப் பாய்மமாக விட்டுவிடலாம். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மார்க் குஷ்னரின் குழு இவ்வழியில் நெடுங்காலம் உழைத்திருக்கிறது. வேதிவினைகளை மட்டும் பார்க்க வேண்டுமானால் இடப் பரிமாணமே இல்லாத மொத்தக் கணக்கு போதும்.

இடைவெளி சில மைக்ரோமீட்டராகக் குறைந்தால், முறிவு மின்னழுத்தத்துக்கு 1889இல் பாஷன் கண்ட விதி பிசகத் தொடங்கும். மின்புலமே உலோகத்திலிருந்து எலக்ட்ரான்களைப் பிடுங்கிவிடும். எந்த முறையும் இதைத் தானாகக் கண்டுபிடிக்காது. எல்லை நிபந்தனையில் நீங்கள்தான் எழுத வேண்டும்.

ஆற்றல் சமன்பாடுள்ள பாய்ம முறையில் தொடங்குங்கள். அதே அமைப்புக்கு ஒரு பரிமாணத் துகள் கணக்கையும் ஓட்டி, அயனியாக்கம் எங்கே நிகழ்கிறது என்பதை இரண்டிலும் ஒப்பிட்டுப் பாருங்கள். அந்த ஒப்பீடு இல்லாத பாய்ம முடிவை ஆய்வேட்டில் சேர்க்காதீர்கள்.