பழைய ரேடியோவும் தளர்ந்த சாக்கெட்டும்

உங்கள் வீட்டுப் பரணில், பித்தளை அண்டாவுக்கும் பாய்ச் சுருளுக்கும் பின்னால், மரப்பெட்டி ரேடியோ ஒன்று கிடக்கிறதா? மர்ஃபி, புஷ், பிலிப்ஸ் என்று ஏதோ ஒரு பெயர் அதன் நெற்றியில் இருக்கும். சுவிட்சைத் திருகியவுடன் அது பேசிவிடாது. உள்ளே வால்வுகள் சூடேற அரை நிமிடமாவது ஆகும். அதுவரை வீடே காத்திருக்கும்.

சாத்தூரை அடுத்த அச்சங்குளம் போன்ற கரிசல்காட்டு ஊர்களில் அன்று வீட்டுக்கு வீடு ரேடியோ ஏது? பஞ்சாயத்து ரேடியோவின் ஒலிபெருக்கிக்குக் கீழே உட்கார்ந்துதான் பலரும் செய்தியும் பாட்டும் கேட்டார்கள். திருச்சி வானொலி நிலையம் 1939-இல் தொடங்கியது. திருநெல்வேலி நிலையம் 1963-இல் வந்தது. இலங்கை வானொலிக்கும் இந்தப் பக்கம் நேயர்கள் ஏராளம்.

அச்சங்குளத்திலிருந்து ஒருவர் தம் தந்தையாரின் ரேடியோவை என்னிடம் கொண்டுவந்தார். பாட்டு வரும், சற்று நேரத்தில் கரகரவென்று இரையும், பிறகு குரல் கம்மி அடங்கிவிடும். "மூணு வால்வு வாங்கி மாத்திட்டேன் சார். புதுசு போட்டாலும் இதே கதைதான்" என்றார். மூன்றையும் சோதித்துப் பார்த்தேன். மூன்றும் நல்ல வால்வுகள்! பெங்களூரில் உள்ள பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1961 முதல் ரேடியோ வால்வுகளைத் தயாரித்தது. அந்தக் காலம் போய்விட்டது. இன்று ஒரு வால்வு வாங்குவது எளிதுமல்ல, மலிவுமல்ல. அப்படியிருக்க, குற்றம் எங்கே?

வால்வு உட்கார்ந்திருக்கும் நாற்காலியில்! அதைத்தான் சாக்கெட் என்கிறோம்.

வால்வைச் சேசிஸில் நேரடியாகப் பற்றவைப்பதில்லை. அதன் அடியில் உள்ள ஊசிகளைச் சாக்கெட்டின் துளைகளில் செருகுகிறோம். ஒவ்வொரு துளைக்குள்ளும் ஓர் உலோக வில் ஊசியைக் கவ்விப் பிடித்திருக்கும். துணி காயப்போடும் கிளிப்பை நினைத்துக்கொள்ளுங்கள். புதிதில் அது இறுகக் கடிக்கும். ஆண்டுக்கணக்கில் வெயிலில் கிடந்தால் தளர்ந்துபோகும். சாக்கெட்டின் வில்லுக்கும் வால்வின் வெப்பத்தில் இதே கதி. அடிக்கடி வால்வைப் பிடுங்கிச் செருகினால் தளர்ச்சி இன்னும் விரைவில் வரும்.

தளர்ந்தால் என்ன ஆகும்? நீங்கள் படித்த ஓம் விதியே விடை சொல்லும். ஒலிபெருக்கியை இயக்கும் ஈ.எல்.84 என்ற வால்வை எடுத்துக்கொள்வோம். அதன் சூடேற்றும் இழைக்கு 6.3 வோல்ட் மின்னழுத்தம் வேண்டும், அதில் 0.76 ஆம்பியர் மின்னோட்டம் பாயும். எனவே சூடான நிலையில் இழையின் தடை 6.3 ÷ 0.76, அதாவது சுமார் 8.3 ஓம். தளர்ந்த வில்லும் ஊசியும் தொடும் இடத்தில் 1 ஓம் தடை சேர்ந்துவிட்டது என்று கொள்ளுங்கள். மொத்தத் தடை 9.3 ஓம் ஆகும். மின்னோட்டம் ஏறத்தாழ 0.68 ஆம்பியராகக் குறையும். இழைக்குக் கிடைப்பது சுமார் 5.6 வோல்ட்தான். கேத்தோடு போதிய அளவு சூடேறாது, எலெக்ட்ரான்கள் குறைவாகவே வெளிப்படும், குரல் கம்மும்.

மீதி 0.7 வோல்ட் எங்கே போயிற்று? சாக்கெட்டில் வெப்பமாயிற்று. ஏறத்தாழ அரை வாட். அரை வாட்தானே என்று எண்ண வேண்டாம். அது குண்டூசித் தலை அளவு இடத்தில் விளையும் வெப்பம். அந்த வெப்பத்தால் வில் மேலும் தளரும், தடை கூடும், தொடுமிடம் மேலும் கெடும். இப்படிப்பட்ட சாக்கெட்டில் எத்தனை புது வால்வு போட்டு என்ன பயன்?

உலோகம் கறுத்துப்போவது இன்னொரு நோய். சில சாக்கெட்டுகளின் வில்லுக்கு வெள்ளிப் பூச்சு உண்டு. கந்தகச் சேர்மங்கள் பட்டால் வெள்ளியின் மேல் வெள்ளி சல்ஃபைடு என்ற கருமை படியும். வெள்ளிக் கொலுசு கறுப்பதும் இதனால்தான். பட்டாசுப் புகையிலும் கந்தகச் சேர்மங்கள் இருப்பதால், சிவகாசிப் பக்கத்து ரேடியோ என்றதும் பலர் அதன்மேல் பழியைப் போடுவார்கள். எனக்கு அவ்வளவு உறுதியில்லை. சென்னையிலும் மதுரையிலும் இதே சாக்கெட்டுகள் இதேபோல் தளர்ந்து பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது நோய்தான் பொல்லாதது. பல சாக்கெட்டுகள் பேக்கலைட்டால் ஆனவை. அது நல்ல காப்புப் பொருள். ஆனால் இரண்டு ஊசிகளுக்கு இடையே பொறி தாவினால் அந்த வழி கருகிக் கரித்தடம் ஆகிவிடும். கரி மின்சாரத்தைக் கடத்தும் என்பதை டார்ச் செல்லின் நடுவிலுள்ள கரிக்குச்சி உங்களுக்குச் சொல்லியிருக்கும். 250 வோல்ட் உள்ள ஊசியிலிருந்து கிரிட் ஊசிக்கு 50 மெகா ஓம் அளவில் ஒரு கரித்தடம் அமைந்துவிட்டது என்போம். கிரிட்டிலிருந்து சேசிஸுக்கு அரை மெகா ஓம் தடை இருக்கிறது. கணக்கிட்டால் கிரிட்டில் சுமார் 2.5 வோல்ட் நேர் மின்னழுத்தம் ஏறும். ஈ.எல்.84-க்கு வேண்டியதோ கேத்தோடைவிட 7 வோல்ட் அளவு குறைந்த கிரிட். வால்வு அளவுக்கு மீறி மின்னோட்டத்தை இழுத்துச் சூடாகும். நாளடைவில் டிரான்ஸ்பார்மரும் எரியலாம்.

வில் தளர்ச்சி மட்டும் என்றால் ஊசிமுனையால் வில்லை மெல்ல நெருக்கி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துப் பார்க்கலாம். கரித்தடம் கண்ணில் பட்டால் இரண்டாம் பேச்சு வேண்டாம். சாக்கெட்டை மாற்றியே ஆகவேண்டும்.

வேலையைத் தொடங்கும் முன் நில்லுங்கள். மின் செருகியைப் பிடுங்கிய பிறகும் ரேடியோ உங்களைத் தாக்கும். 50 மைக்ரோஃபாரட் மின்தேக்கி 300 வோல்ட்டில் 2.25 ஜூல் ஆற்றலை வைத்திருக்கும். ஒரு கிலோ எடையை ஏறத்தாழ 23 சென்டிமீட்டர் தூக்கும் ஆற்றல் அது! காப்புள்ள பிடியுடன் ஒரு 10 கிலோ ஓம் தடையை அதன் முனைகளில் சில விநாடிகள் வைத்து வடித்துவிட்டு, மீட்டரில் சுழி காட்டுகிறதா என்று பாருங்கள். டிரான்ஸ்பார்மர் இல்லாத 'யூ' வரிசை வால்வு ரேடியோக்களில் சேசிஸே மின்கம்பியோடு இணைந்திருக்கும். அவற்றை நீங்கள் தொடவே வேண்டாம்; தெரிந்த மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள். மற்றவற்றையும் ஆசிரியரோ மெக்கானிக்கோ அருகில் இருக்கும்போது மட்டுமே திறக்க வேண்டும்.

பட்டாசுத் தொழில் நடக்கும் ஊர்ப் பிள்ளைகளுக்கு இன்னொரு சொல். 2021 பிப்ரவரி 12-ஆம் நாள் அச்சங்குளத்தில் பட்டாசு ஆலை வெடித்துப் பலர் மாண்டார்கள். பற்றவைப்புக்கோலின் முனை 300 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாகும். மருந்தோ, திரியோ, மருந்து ஒட்டிய துணியோ இருக்கும் இடத்தில் அதை எடுக்கவே கூடாது.

இனி மாற்றும் முறையைப் பார்ப்போமா? ஈ.எல்.84-இன் சாக்கெட்டில் 9 துளைகள். வட்டத்தைப் பத்தாகப் பிரித்து, 36 டிகிரிக்கு ஒன்றாக ஒன்பதை நட்டு, ஓரிடத்தைக் காலியாக விட்டிருக்கிறார்கள். அந்த இடைவெளிதான் அடையாளம். சேசிஸின் அடிப்பக்கமிருந்து பார்த்து, இடைவெளிக்குப் பின் கடிகார முள் சுற்றும் திசையில் 1, 2, 3 என்று எண்ண வேண்டும். இளவயதில் நான் எல்லாக் கம்பிகளையும் ஒரேயடியாக அறுத்துவிட்டு, மேற்பக்கமிருந்து எண்ணிப் பற்றவைத்தேன். 7-க்குப் போகவேண்டிய 250 வோல்ட் 3-க்கு, அதாவது கேத்தோடுக்குப் போயிற்று. ஒரு நல்ல வால்வு பலி. 5 மட்டும் தன் இடத்தில் சரியாக இருந்தது. ஏன் என்று நீங்களே வட்டம் வரைந்து பாருங்கள்.

ஆகவே முதலில் படம் வரையுங்கள். எந்த ஊசிக்கு எந்த நிறக் கம்பி என்று எழுதுங்கள். பழைய சாக்கெட்டைப் பிடித்திருக்கும் ரிவெட்டுகளைத் துளைத்து எடுத்து, புதியதைத் திருகும் நட்டும் போட்டு இறுக்கலாம். முடிந்தால் பீங்கான் சாக்கெட் வாங்குங்கள், அது கருகாது. உலோகத் துகள் ஒன்றும் உள்ளே தங்கக்கூடாது. கம்பிகளை ஒவ்வொன்றாக, முன்பு இருந்த வழியிலேயே கொண்டுசெல்லுங்கள். ரேடியோ அலையைக் கையாளும் பகுதியில் கம்பி சற்று இடம் மாறினாலும் ரேடியோ ஊளையிடக்கூடும்.

பற்றவைக்கும்போது கெட்டுப்போன வால்வு ஒன்றைச் சாக்கெட்டில் செருகி வையுங்கள். இல்லையென்றால் வில்கள் கோணலாக உறைந்து, பிறகு நல்ல வால்வின் கண்ணாடியை விரிசலாக்கிவிடும். இது எந்த வழிகாட்டி ஏட்டிலும் நான் படித்ததல்ல. ஒரு பட்டறை முதியவர் சொல்லித் தந்தது. ஈயத்துடன் ரோசின் பசையே போதும். பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர்கள் பயன்படுத்தும் நவச்சாரம் இங்கே கூடவே கூடாது. அது உலோகத்தை அரித்துவிடும்.

எல்லாம் முடிந்ததும் நேராக மின்சாரம் கொடுக்காதீர்கள். 60 வாட் பழைய இழை பல்பு ஒன்றை ரேடியோவோடு தொடரிணைப்பில் போடுங்கள். எங்காவது குறுக்குச் சுற்று இருந்தால் பல்பு முழு ஒளியுடன் எரிந்து ரேடியோவைக் காக்கும். அச்சங்குளத்து ரேடியோவுக்கு அப்படித்தான் செய்தோம். பல்பு ஒரு கணம் பளிச்சென்று எரிந்து மங்கிற்று. பிறகு பல்பை நீக்கி நேராக இணைத்தோம். சாக்கெட்டின் 4, 5 முனைகளில் மீட்டர் 6.2 வோல்ட் காட்டியது. உலர்ந்த மரக்குச்சியால் வால்வை மெல்லத் தட்டினேன் (பென்சிலால் தட்டாதீர்கள், அதன் உள்ளே இருப்பதும் கரிதான்). கரகரப்பு இல்லை. அவர் வாங்கிவந்த மூன்று வால்வுகளில் ஒன்று சாக்கெட்டில் இருந்தது. மற்ற இரண்டையும் பத்திரமாக வைத்திருக்கச் சொல்லி அனுப்பினேன்.